புது ஜிம்னி, கையில் 60 ஆயிரம்: எதை முதலில் மாற்றுவது?

#1 தென்னந்தோப்பான், பொள்ளாச்சி

எல்லோருக்கும் வணக்கம்ங்க. இத்தனை நாளாக ஓரமாக நின்று படித்துக்கொண்டிருந்தவன், இன்றைக்குத்தான் முதல் பதிவு போடுகிறேன்.

மூன்று மாதத்துக்கு முன் மாருதி ஜிம்னி எடுத்தேன், நான்கு சக்கரமும் இழுக்கும் சின்ன ஜீப். ஜீட்டா மாடல், மேனுவல் கியர். 2,400 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. தோப்பு ஆனைமலைப் பக்கம். தார் ரோட்டை விட்டு இறங்கினால் ஒன்றரைக் கிலோமீட்டர் மண்தடம். நடுவில் ஒரு பள்ளம் குறுக்கிடும் (எங்கள் பக்கம் ஓடையைப் பள்ளம் என்போம்). மழைக்காலத்தில் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே தண்ணீர் ஓடும். மாதம் ஒரு தடவை வால்பாறை. மற்றபடி தினமும் டவுனுக்குப் போய் வருவதுதான்.

மாடிஃபிகேஷனுக்கு 60,000 ஒதுக்கீடு. ஒதுக்கியது நான் இல்லை, வீட்டம்மா. அதற்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது.

கோவையில் ஒரு கடையில் விசாரித்தேன். 2 இன்ச் லிஃப்ட் (ஸ்பிரிங் மாற்றிப் பாடியை உயர்த்துவது), 235/75 மட் டயர், இரும்பு பம்பர், லைட் பார், ஸ்நார்க்கல் (எஞ்சினுக்கு உயரத்திலிருந்து காற்று இழுக்கும் குழாய்), மேலே கேரியர், எல்லாம் சேர்த்து 2,10,000 சொன்னார்கள். "பம்பரும் லைட்டும் இப்ப போட்டுக்கங்க, மிச்சத்தை மெதுவா பார்த்துக்கலாம்" என்கிறார்கள். அது மட்டும் 60,000க்குள் அடங்கும். அந்த பம்பர் போட்ட வண்டியின் படத்தைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. அட்வான்ஸ் கொடுக்கும் முன் உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று வந்தேன்.

ஷோரூமிலேயே கட்டிவிட்ட சைடு ஸ்டெப், டோர் வைசர், குரோம் பட்டை எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. அதற்கு ஆன செலவைக் கேட்காதீர்கள்.

#2 நீலகிரி_ஜிப்ஸி, கோத்தகிரி

வாழ்த்துகள் தம்பி. முதல் மாடிஃபிகேஷன் சொல்கிறேன், காசே வேண்டாம். ஸ்பேனரை எடுத்து அந்த சைடு ஸ்டெப்பைக் கழற்றுங்கள். கம்பெனி கொடுத்தது 210 மில்லிமீட்டர் கிரவுண்ட் கிளியரன்ஸ். அதற்குக் கீழே ஒரு தகரப் பலகையைத் தொங்கவிட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள். வரப்பு ஏறும்போது முதலில் அடிபடுவது அதுதான். அடிபட்டால் அது மட்டும் வளையாது, அதன் பிராக்கெட் பாடியையும் நெளித்துவிடும்.

அப்புறம் ஒரு கேள்வி. இந்த மூன்று மாதத்தில் வண்டி எங்கேயாவது போக முடியாமல் நின்றதா? எந்த இடம், எந்தச் சக்கரம் சுற்றியது, அடியில் எது தட்டியது? அதைச் சொல்லுங்கள். நிற்கவே இல்லை என்றால் எதைச் சரிசெய்ய இந்த 60,000?

#3 கரிசல்காட்டு_தார், கோவில்பட்டி

அக்கா சொல்வது மலைக்குச் சரி. எங்கள் ஊருக்கு வந்து பாருங்கள். ஐப்பசி மழை இரண்டு நாள் பெய்த கரிசலில் ஸ்டாக் டயரோடு (கம்பெனி கொடுத்த டயர்) இறங்கினால் இருபது அடியில் நாலு சக்கரமும் மொழுமொழுவென்று ஆகிவிடும். ரோடு டயரின் பள்ளமெல்லாம் களிமண் அடைத்து, வெண்ணெய்க் கட்டியில் வெண்ணெய்க் கட்டியை வைத்த மாதிரி. நான் மஹிந்திரா தார் ஜீப், டீசல் வைத்திருக்கிறேன், 300 நியூட்டன்மீட்டர் டார்க் (எஞ்சினின் முறுக்குவிசை). அத்தனை டார்க்கும் அங்கே சேறு வாரி இறைக்கத்தான் உதவியது.

என் ஓட்டு: முதலில் டயர், அதிலும் மட் டயர்.

#4 பழைய_மேஜர், போடி

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஜீப்பில் போயிருக்கிறீர்களா தம்பி? போகவில்லை என்றால் 60,000த்தில் முதல் செலவாக அதைச் செய்யுங்கள். விடியற்காலை இருட்டில் ஏற்றிக்கொண்டு போவார்கள். வழி முழுக்கப் பானை பானையாகக் கல். அங்கே ஓடும் ஜீப்புகளைக் குனிந்து பாருங்கள். பட்டை ஸ்பிரிங், ஒல்லி டயர். லிஃப்ட் கிடையாது, லைட் பார் கிடையாது, டிஃப் லாக் (அச்சின் இரண்டு சக்கரத்தையும் சேர்ந்து சுற்றும்படி பூட்டுவது) கிடையாது. பின்னால் ஆள் நிறைய. டிரைவர் ஒரு கையால் ஸ்டீயரிங் பிடித்து இன்னொரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு போவார், அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் வேலை செய்யாது.

நான் 31 வருடமாக ஜீப் ஓட்டுகிறேன். அந்த டிரைவர் பக்கத்தில் ஒரு நாள் உட்கார்ந்து, எந்தக் கல்லில் சக்கரத்தை ஏற்றுகிறார், எதை இரண்டு சக்கரத்துக்கு நடுவில் விடுகிறார் என்று மட்டும் பாருங்கள். அவர் கல்லை ஒதுக்கிப் போக மாட்டார், மேலேதான் ஏற்றுவார். புதிதாக ஓட்டுகிறவன் பெரிய கல்லை நடுவில் விடுவான். அச்சில் கீழே தொங்கும் டிஃப் ஹவுசிங் (இரண்டு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரிக்கும் கியர்களின் கூடு) போய் அதில் உட்காரும்.

#5 நாற்பது_எம்எம், சேலம்

பெரியவர் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் இங்கே லிஃப்ட் என்றாலே ஆளாளுக்கு முகம் சுளிக்கிறீர்கள். நான் லிஃப்ட் போட்டவன், அதனால் என் தரப்பையும் சொல்லிவிடுகிறேன்.

நம் ஊரில் விற்பது ஐந்து கதவு ஜிம்னி. வீல்பேஸ் 2,590. வெளிநாட்டு மூன்று கதவு வண்டிக்கு 2,250தான். அந்த 340 மில்லிமீட்டர்தான் நம் பிரச்சினையே. முன்பக்கம் 36 டிகிரி ஏறுகிறது, பின்பக்கம் அதைவிடத் தாராளம். நடுவயிறு மட்டும் 24 டிகிரி. உயரமான வரப்பு, பாதையை அறுத்துக்கொண்டு போன வாய்க்கால் என்று எங்கே போனாலும் வயிறுதான் உட்காரும். 40 மில்லிமீட்டர் உயர்த்தினால் என் கணக்குப்படி கிட்டத்தட்ட 3 டிகிரி கூடுகிறது. ஏற்காடு அடிவாரத்தில் எங்கள் நிலத்துக்குப் போகும் வழியில் ஒரு மேடு. முன்பு ஒவ்வொரு தடவையும் சர்ரென்று உரசும், இப்போது உரசுவதில்லை.

விலையையும் மறைக்காமல் சொல்கிறேன். காயிலும் ஷாக்கும் சேர்த்து 58,000. அதோடு முடியவில்லை. முன்பக்கம் உயர்ந்ததும் கேஸ்டர் கோணம் (ஸ்டீயரிங்கை நேராக நிற்க வைக்கும் முன்சக்கரச் சாய்வு) குறைந்துபோனது. 70ஐத் தாண்டினால் ஸ்டீயரிங் ஊஞ்சலாடியது, லாரியைக் கடக்கும்போது இரண்டு கையாலும் இறுக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. கேஸ்டர் புஷ் மாற்றியபின்தான் அடங்கியது. அப்புறம் அச்சு ஒரு பக்கமாகத் தள்ளி நின்றது, அதற்கு நீளம் மாற்றக்கூடிய பான்ஹார்டு ராடு (அச்சைப் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் கம்பி). ஹெட்லைட் எதிரே வருகிறவர் கண்ணில் அடித்தது, அதையும் இறக்கினேன். மொத்தம் 80,000ஐத் தொட்டுவிட்டது.

ஆகவே தம்பி, லிஃப்ட் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். உங்கள் 60,000க்குள் அதை ஒழுங்காக முடிக்க முடியாது. அரைகுறையாகப் போடுவதற்குப் போடாமல் இருக்கலாம். ஸ்பிரிங்குக்கு அடியில் ரப்பர் கட்டை வைத்து 6,000க்கு முடித்துத் தருகிறேன் என்று யாராவது வருவார்கள். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

#6 நீலகிரி_ஜிப்ஸி, கோத்தகிரி

இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் எம்எம். ஜிம்னிக்கு முன்னும் பின்னும் ஒரே துண்டு அச்சு. ஸ்பிரிங்கை எவ்வளவு நீட்டினாலும் பாடிதான் மேலே போகும், டிஃப் ஹவுசிங் இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்த ஒரே வழி பெரிய டயர்.

பெரிய டயர் என்றதும் எல்லோரும் 235/75க்குத் தாவுகிறார்கள். ஸ்டாக் 195/80 ஆர் 15, குறுக்களவு 693 மில்லிமீட்டர். 235/75 என்றால் 733 சொச்சம். அதில் பாதிதான் அச்சுக்குக் கிடைக்கும், அதாவது 20 மில்லிமீட்டர். அதற்கு விலையாக ஃபெண்டர் உள்பிளாஸ்டிக்கை வெட்ட வேண்டும், மீட்டர் 6 சதவீதம் குறைத்துக் காட்டும், கியர் எல்லாம் ஒரு படி கனத்த மாதிரி ஆகிவிடும். இது 134 நியூட்டன்மீட்டர் பெட்ரோல் எஞ்சின், நினைவிருக்கட்டும். இரண்டாம் கியரில் வால்பாறைக் கொண்டை ஊசி ஏறுகிற வண்டி முதல் கியர் கேட்கும். 40 கொண்டை ஊசி இருக்கின்றன அங்கே.

215/75 ஆர் 15 ஆல் டெரெய்ன் (தார் ரோடு, மண்தடம் இரண்டுக்கும் பொதுவான டயர்) போதும். குறுக்களவு 10 மில்லிமீட்டர்தான் கூடும், எதையும் வெட்ட வேண்டாம். மீட்டரில் 80 என்றால் நிஜத்தில் 81.

#7 ஆர்சி_புக், திருச்சி

வண்டி இன்ஷூரன்ஸ் சர்வே என் தொழில். அதனால் கசப்பைச் சொல்லும் வேலை எனக்கு.

இரும்பு பம்பர்: 2017 டிசம்பரிலேயே மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் எல்லா மாநிலங்களுக்கும் கடிதம் எழுதிவிட்டது, புல் பார் (முன்னால் மாட்டும் இந்த மாதிரி இரும்புத் தடுப்பு) சட்டவிரோதம் என்று. பிடித்தால் ஃபைன் என்பது சின்ன விஷயம். முன்பக்கம் கசங்கி அடியை வாங்கிக்கொள்வதற்காகச் செய்யப்பட்டது. அதன் முன் சேஸிஸோடு இறுக்கிய இரும்பை வைத்தால் அடி நேராக உள்ளே வரும். ஏர்பேக் விரிய வேண்டிய கணக்கும் குழம்பும்.

மற்றவை: மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில் இருக்கும் விவரம் மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே வருடத் திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்று வந்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் என்பதைக் கவனியுங்கள்.

டயர் மாற்றினால் லோடு இண்டெக்ஸ் (டயர் தாங்கும் எடையின் குறியீடு) ஸ்டாக்கைவிடக் குறையக்கூடாது. உங்களுக்கு 96. 215/75இல் பெரும்பாலும் 100 வருகிறது, எடை விஷயத்தில் கவலையில்லை. ஆனாலும் கம்பெனி குறித்த அளவு மாறுகிறது. அதனால் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு மெயில் தட்டி, பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். சொல்லாமல் செய்துவிட்டு க்ளெய்முக்கு வந்து என் முன்னால் கண்கலங்கியவர்கள் உண்டு. என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

தண்ணீரில் இறங்குகிறவர் என்பதால் இன்னொன்று. எஞ்சினுக்குள் தண்ணீர் போய்க் கெட்டால் சாதாரண பாலிசி கொடுக்காது. எஞ்சின் புரொடெக்ட் என்று தனியாக ஒரு கவர் உண்டு. உங்கள் பாலிசியில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

#8 தென்னந்தோப்பான், பொள்ளாச்சி

பம்பர் போச்சு. மனசு கொஞ்சம் கனத்துத்தான் போச்சு, பரவாயில்லை. வீட்டில் சொன்னேன், "அந்த ஃபோரத்தில் இருப்பவர்கள் நல்லவர்கள்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சைடு ஸ்டெப்பை இன்று காலை கழற்றினேன். ஒரு பக்கத்துக்கு நான்கு போல்ட். கழற்றும்போதுதான் பார்த்தேன், இடது பக்க ஸ்டெப்பின் அடியில் நீளமாக மூன்று கீறல். எங்கே உரசியது என்றே தெரியாது. அதாவது வண்டி எனக்குத் தெரியாமலே தட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

அக்கா கேட்ட கேள்விக்குப் பதில்: வண்டி இதுவரை எங்கேயும் நிற்கவில்லை. பள்ளத்தைத் தாண்டி எதிர்க்கரை ஏறும்போது மட்டும் சக்கரம் ஒரு நொடி சுற்றும், பிறகு ஏறிவிடும். ஸ்நார்க்கல் இல்லாமல் அந்தத் தண்ணீரில் போகலாமா? லைட் பார் எப்படி?

#9 நீலகிரி_ஜிப்ஸி, கோத்தகிரி

முழங்காலுக்குக் கீழே ஓடும் தண்ணீருக்கு ஸ்நார்க்கல் எதற்கு? எஞ்சின் காற்று இழுக்கும் வாய் பானட் உயரத்தில் இருக்கிறது. அதுவரை தண்ணீர் வந்தால் வண்டி மிதக்க ஆரம்பித்துவிடும், அப்போது எனக்குப் போன் செய்யாதீர்கள். குச்சியோடு முதலில் நடந்து போய்ப் பாருங்கள். நடக்கும்போது கால் தள்ளாடினால் வண்டியும் தள்ளாடும், அன்றைக்குத் திரும்பிவிடுங்கள்.

செய்ய வேண்டியது வேறு. டிஃப் ஹவுசிங்குக்கு மூச்சுக்குழாய் உண்டு, ப்ரீதர். ஓடிவந்த சூட்டோடு குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் ஹவுசிங்குக்குள் காற்று சட்டென்று சுருங்கும், கிடைத்த வழியில் தண்ணீரை உறிஞ்சும். அந்தக் குழாயை ரப்பர் ஹோஸ் போட்டு பானட் வரைக்கும் உயர்த்திக் கட்டிவிடுங்கள். பின்பக்கத்துக்கு ஃப்யூயல் ஃபில்லர் பக்கம். முன்னூறு நானூறு ரூபாய் வேலை. மழைக்காலம் முடிந்ததும் டிஃப் ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். பால் காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது, உடனே மாற்ற வேண்டும்.

லைட் பார் வால்பாறைக்கு உதவாது. மூடுபனியில் வெள்ளை வெளிச்சம் அடித்தால் முன்னால் சுவர் எழுப்பின மாதிரி இருக்கும். ரோட்டில் அதற்கு உறை போட்டு மூடித்தான் வைக்க வேண்டும், மூடி வைக்க எதற்கு 9,000?

#10 மணல்மேடு, ஷார்ஜா

ஊர் கும்பகோணம், பிழைப்பு ஷார்ஜா. இங்கே வெள்ளிக்கிழமை ஆனால் பாதி ஊர் பதாயர் மணல்மேட்டில்தான் இருக்கும். இவ்வளவு நேரம் பேசினீர்கள், யாரும் காற்றைப் பற்றிப் பேசவில்லையே!

மணலில் இறங்கும் முன் நாங்கள் செய்யும் முதல் வேலை காற்று இறக்குவது. 35 பிஎஸ்ஐ காற்றில் இருக்கும் டயரை 15க்கு, சில நாள் 12க்கு. புது லேண்ட் க்ரூசர் முழுக் காற்றோடு இறங்கிப் புதைவதையும், பக்கத்திலேயே பழைய ஜிம்னி 14இல் பூனை மாதிரி ஏறிப் போவதையும் வாராவாரம் பார்க்கிறேன். காற்று குறைந்தால் டயர் அகலமாகிறது என்று நினைக்கிறார்கள். அகலம் கொஞ்சம்தான் கூடும். தரையில் படும் நீளம்தான் நன்றாகக் கூடுகிறது, ராணுவ டாங்கியின் சங்கிலி மாதிரி. கல்லில் இன்னொரு லாபம், டயர் கல்லைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும், உங்கள் முதுகும் பிழைக்கும்.

உங்கள் மண்தடத்துக்கு 18 போதும். மூன்று விஷயம் மறக்காதீர்கள். காற்று குறைத்தபின் ஸ்டீயரிங்கைச் சடாரென்று ஒடிக்கக்கூடாது, டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக்கூடாது. தார் ரோட்டுக்கு வந்ததும் கதவுத் தூணில் எழுதியிருக்கும் அளவுக்கு ஏற்றிவிட வேண்டும்.

ஏற்றுவதற்கு ஒரு 12 வோல்ட் கம்ப்ரஸர் வாங்குங்கள். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் பொம்மை வேண்டாம். அந்த சாக்கெட்டுக்கு 15 ஆம்ப் ஃப்யூஸ்தான், இரண்டாவது டயரிலேயே பொசுங்கும். பேட்டரியில் நேராகக் கிளிப் மாட்டுவது வாங்குங்கள். சும்மா கிடக்கும் காற்றை வெளியே விட்டால் கிடைக்கும் பிடிப்பை எந்த டயரும் தராது. இதில் யாரும் கமிஷன் பார்க்க முடியாது என்பதால் எந்தக் கடையிலும் இதைச் சொல்ல மாட்டார்கள்.

#11 கரிசல்காட்டு_தார், கோவில்பட்டி

மணலுக்குச் சரி அண்ணே. கரிசல் சேற்றுக்குக் காற்றை இறக்கினாலும் அதே வெண்ணெய்தான்.

#12 நீலகிரி_ஜிப்ஸி, கோத்தகிரி

அதனால்தான் மழை பெய்த கரிசலில் உங்கள் தாத்தா வண்டி பூட்ட மாட்டார்.

#13 தென்னந்தோப்பான், பொள்ளாச்சி

இரண்டு வாரம் ஆளைக் காணோமே என்று யாரும் தேடவில்லை. சொல்லவே கூச்சமாக இருக்கிறது, சொல்லிவிடுகிறேன்.

போன ஞாயிறு தோப்பில் காய் போட்டார்கள். முந்தின ராத்திரி நல்ல மழை. பள்ளத்தில் இறங்கி, எதிர்க்கரையில் ஏறும்போது கரை கொஞ்சம் இடிந்து கோணலாகக் கிடந்தது, நான் கவனிக்கவில்லை. முன் வலது சக்கரம் குழிக்கு மேல் தொங்க, பின் இடதும் காற்றில். அந்த இரண்டும் சுற்றுகின்றன, மற்ற இரண்டும் சும்மா நிற்கின்றன. ஃபோர் லோவில்தான் (நான்கு சக்கரமும் இழுக்கும், மெதுவான கியர்) இருந்தேன். ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன், அடியில் கடகடவென்று சத்தம், பயந்துபோய் விட்டுவிட்டேன். மறுபடி மிதித்தேன், மறுபடி சத்தம், மறுபடி விட்டேன்.

பக்கத்துத் தோட்டத்து டிராக்டர் வந்தது. பையன் செயினை எடுத்துக்கொண்டு ஓடிவந்து, முன்னால் குறுக்கே ஒரு கம்பி தெரிகிறதே, அதில் சுற்றிக் கொக்கி போட்டான். நான் டிரைவர் சீட்டில் இருந்ததால் பார்க்கவில்லை. ஒரே இழுப்பு, வண்டி வெளியே வந்துவிட்டது. எல்லோரும் கைதட்டினார்கள். தார் ரோட்டுக்கு வந்து நேராக ஓட்டினால் ஸ்டீயரிங் வீல் மணி பத்து மாதிரி சாய்ந்து நிற்கிறது.

அந்தக் கம்பி ஸ்டீயரிங் ராடாம். வளைந்துவிட்டது. புது ராடு, கூலி, அலைன்மென்ட், 5,800. இதுவும் அந்த 60,000த்தில்தான் என்று தீர்ப்பு வந்துவிட்டது.

#14 பழைய_மேஜர், போடி

ராடோடு போனதே, சந்தோஷப்படுங்கள். செயின் அறுந்திருந்தால் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே வந்திருக்கும். எங்கள் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் லாரி இழுக்கும்போது கம்பி வடம் அறுந்து, நின்று வேடிக்கை பார்த்தவர் காலை ஒடித்தது. நான் பத்தடி தள்ளி நின்றிருந்தேன். அன்றிலிருந்து இழுவை நடக்கும் இடத்தில் வடத்தின் நீளத்தைப்போல ஒன்றரை மடங்கு தூரத்துக்கு யாரையும் விடுவதில்லை.

பம்பருக்கு அடியில் முன்னும் பின்னும் சேஸிஸோடு போல்ட் போட்ட இழுவைக் கொக்கி உங்கள் வண்டியிலேயே இருக்கிறது. இன்றைக்கே குனிந்து பார்த்து, அதில் ஒரு சிவப்புத் துணி கட்டிவையுங்கள். எந்த டிராக்டர் பையன் வந்தாலும் "சிவப்புத் துணியில் மாட்டு" என்று சொல்லலாம். அச்சு, ராடு, ஸ்பிரிங், இவற்றில் எதையும் தொட விடக்கூடாது.

செயினுக்குப் பதில் நைலான் இழுவைக் கயிறு வாங்குங்கள், நீளும் வகை. அது ரப்பர் மாதிரி நீண்டு மெதுவாக இழுக்கும், வெடுக்கென்று இழுக்காது. கயிற்றைக் கொக்கியோடு இணைக்கும் இரும்பு ஷாக்கிளுக்குப் பதில் கயிற்றாலேயே செய்த சாஃப்ட் ஷாக்கிள். கயிற்றின் நடுவில் ஈரச் சாக்கு ஒன்றைப் போடுங்கள், அறுந்தாலும் பறக்காமல் கீழே விழும்.

#15 நீலகிரி_ஜிப்ஸி, கோத்தகிரி

இப்போதுதான் என் கேள்விக்கு உண்மையான பதில் வந்திருக்கிறது. வண்டி நின்றுவிட்டது, எங்கே எப்படி என்றும் தெரிந்துவிட்டது.

அந்தக் கடகட சத்தத்துக்குத்தான் நீங்கள் காசு கொடுத்திருக்கிறீர்கள் தம்பி! ஜிம்னிக்கு டிஃப் லாக் கிடையாது. அதற்குப் பதில் சும்மா சுற்றும் சக்கரத்தை மட்டும் பிரேக் போட்டுப் பிடித்து, தரையில் இருக்கும் சக்கரத்துக்குச் சக்தியை அனுப்பும். அந்தப் பிரேக் விட்டுவிட்டுப் பிடிப்பதுதான் அந்தச் சத்தம். அது வேலை செய்ய இரண்டு மூன்று நொடி ஆகும். அதுவரை ஆக்ஸிலரேட்டரை ஒரே அளவில் பிடித்திருக்க வேண்டும். சத்தம் கேட்டதும் காலை எடுத்தால் அதுவும் விட்டுவிடும். மறுபடி முதலிலிருந்து.

அடுத்த காய்ந்த நாளில் அதே இடத்துக்குப் போங்கள். கூட ஓர் ஆள், கொக்கியில் கயிறு மாட்டித் தயாராக. டயர் 18. ஃபோர் லோ, முதல் கியர். சக்கரம் தூக்கியதும் எஞ்சின் சத்தம் மாறாமல் பிடியுங்கள், எண்ணுங்கள்: ஒன்று, இரண்டு, மூன்று.

#16 தென்னந்தோப்பான், பொள்ளாச்சி

அக்கா, ஏறிடுச்சு.

அதே கரை, அதே கோணல், அதே ஸ்டாக் டயர். 18க்கு இறக்கினேன். சக்கரம் தூக்கியது, சத்தம் வந்தது, கை நடுங்கியது, காலை எடுக்கவில்லை. இரண்டு எண்ணும்போது வண்டி ஓர் உலுக்கு உலுக்கி, மெதுவாக, யாரோ பின்னாலிருந்து தோள் கொடுத்துத் தள்ளின மாதிரி மேலே வந்தது. டிராக்டர் பையன் செயினோடு நின்றிருந்தான், அவனுக்குத்தான் ஏமாற்றம்.

கணக்கு: கம்ப்ரஸர் 3,600. காற்று இறக்கும் மூடி நான்கும் நல்ல கேஜ் ஒன்றும் 900. இழுவைக் கயிறு 6,500. சாஃப்ட் ஷாக்கிள் இரண்டு 2,400. ப்ரீதர் ஹோஸ் 350. மண்வெட்டி 450. ராடு 5,800. சரியாக 20,000. கயிறு ஆலையில் இருக்கும் நண்பன் தடிமனான தேங்காய் நார்ப் பாய் இரண்டு துண்டு சும்மா கொடுத்தான், சக்கரத்துக்கு அடியில் போட. பொள்ளாச்சியில் இதுகூட கிடைக்காவிட்டால் எப்படி?

மிச்சம் 40,000. டயர் வாங்கவா, வேண்டாமா? ஏறுகிற வண்டிக்கு எதற்கு டயர் என்று வீட்டில் கேட்கிறாள். பதில் தெரியவில்லை.

#17 நாற்பது_எம்எம், சேலம்

எனக்கே பதில் தெரியவில்லை. 80,000 செலவழித்தவன் இந்த இழையைப் படித்திருக்கவே கூடாது.

#18 கரிசல்காட்டு_தார், கோவில்பட்டி

டயர் வாங்குவதாக இருந்தால் இப்போதே வாங்குங்கள். 3,000 கிலோமீட்டர் ஓடிய ஸ்டாக் டயருக்கு நல்ல விலை கிடைக்கும். 20,000 ஓடியபின் பஞ்சர் கடைக்காரர்கூட திரும்பிப் பார்க்க மாட்டார். இன்னொன்று, நான்கு வாங்கி ஸ்டெப்னியைப் பழசாக விட்டுவிடாதீர்கள். ஜிம்னியிலும் தாரிலும் நடுவில் டிஃப் இல்லை. ஃபோர் வீலில் போட்டால் முன்னச்சும் பின்னச்சும் ஒரே வேகத்தில் சுற்றியாக வேண்டும். ஒரு சக்கரம் மட்டும் சின்னதாக இருந்தால் உள்ளே கியர்கள் ஒன்றை ஒன்று முறுக்கிக்கொள்ளும். லீவரை இரண்டு கையால் இழுத்தாலும் டூ வீலுக்கு வராது. வாங்கினால் ஐந்து.

(மட் டயர் என்று நான் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். உங்கள் ஊர் செம்மண்ணுக்கு ஆல் டெரெய்ன் போதும். எங்கள் ஊருக்கு வேண்டும்.)

#19 தென்னந்தோப்பான், பொள்ளாச்சி

பதிலை வண்டியே சொல்லிவிட்டது. தோப்பில் காய்ந்த மட்டைகள் கிடக்கும். மட்டையின் அடிப்பகுதி விளிம்பு காய்ந்தால் கத்தி மாதிரி. புல்லுக்குள் ஒன்று கிடந்திருக்கிறது. 18இல் இருந்த டயரின் பக்கவாட்டில் குத்தி இரண்டு இன்ச் கிழிந்தது. பக்கவாட்டுக் கிழிசலுக்குப் பஞ்சர் போட முடியாது என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார். ரோடு டயரின் பக்கச்சுவர் மெல்லிசு. காற்றைக் குறைத்தால் அது இன்னும் வெளியே பிதுங்கி நிற்கும். இதை மணல்மேடு அண்ணன் சொல்லவில்லை!

215/75 ஆல் டெரெய்ன், ஐந்து. ஒன்று 8,200, ஆக 41,000. மாட்டுக்கூலி, பேலன்ஸிங், அலைன்மென்ட் 1,500. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு மெயில் போட்டுப் பதிலும் வாங்கிவிட்டேன். பட்ஜெட்டை 2,500 தாண்டிவிட்டது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை. ஓட்டத்தில் வித்தியாசம் தெரிகிறது, 60க்கு மேல் ஒரு மெல்லிய ரீங்காரம், மைலேஜ் லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் போல குறைந்த மாதிரி இருக்கிறது.

ஸ்டாக் டயர் விற்பனைக்கு: 195/80 ஆர் 15, 3,100 கிலோமீட்டர் ஓடியது, ஒன்று 2,800. சைடு ஸ்டெப் ஒரு ஜோடியும் உண்டு, மூன்று கீறலோடு.

#20 மணல்மேடு, ஷார்ஜா

எங்கள் ஊரில் தென்னை மட்டை கிடக்காது தம்பி, அதனால் தோன்றவில்லை. மன்னிக்கவும்.

#21 ஆர்சி_புக், திருச்சி

என் மைத்துனன் போன வாரம்தான் ஜிம்னி டெலிவரி எடுத்தான். சைடு ஸ்டெப் வேண்டுமாம். நான் இந்த இழையைக் காட்டினேன், அப்படியும் வேண்டுமாம். அவன் மாமியாருக்கு ஏற முடியவில்லையாம்.

#22 சத்தி_மலைப்பாதை, சத்தியமங்கலம்

டயர் ஐந்தும் எனக்கு வேண்டும் அண்ணா. சனிக்கிழமை பொள்ளாச்சி வருகிறேன். ஐந்தும் சேர்த்து 13,000க்கு முடியுமா?

#23 தென்னந்தோப்பான், பொள்ளாச்சி

நான்குதான் தம்பி இருக்கின்றன. கிழிந்ததை நேற்றே பாப்பா மாமரத்தில் ஊஞ்சல் கட்டச் சொல்லிவிட்டாள். நான்கும் 11,000 என்றால் எடுத்துக்கொள்ளுங்கள். வரும்போது தார் ரோட்டிலேயே நிறுத்திவிட்டுப் போன் பண்ணுங்கள், மழை பெய்திருந்தால் பள்ளத்துக்கு ரோட்டுப் பக்கமே கொண்டுவந்து தருகிறேன்.